சோழவரத்தில் சீறிய கார்கள்

சென்னையிலிருந்து செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? செங்குன்றம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சோழவரம் வரும். 'சோழவரம்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? ஏரிதானே! கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் தடுத்துக் கால்வாய் வழியாக இந்த ஏரிக்குக் கொண்டு வருகிறார்கள். இங்கிருந்து புழல் ஏரிக்குப் போய், பிறகு சென்னை வீட்டுக் குழாய்களுக்குப் போகிறது. நிரம்பினால் 1,081 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும்.

ஆனால் உங்கள் தாத்தாவிடம் 'சோழவரம்' என்று சொல்லிப் பாருங்கள். "ரேஸ்!" என்பார். ஆமாம்! ஒரு காலத்தில் இந்தியா முழுவதிலும் இருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து பந்தயம் ஓடிய இடம் இது.

அது எப்படி ஒரு கிராமத்துப் பக்கம் கார் பந்தயம் வந்தது? இரண்டாம் உலகப் போர்தான் காரணம். அப்போது ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது. வங்காள விரிகுடாவைக் காவல் காக்க ஆங்கிலேயர் நம் பக்கத்தில் பல விமான தளங்களை அமைத்தார்கள். புழல் ஏரியில் தண்ணீரிலேயே இறங்கும் 'கேட்டலினா' என்ற பறக்கும் படகுகள் நின்றன. சோழவரத்தில் விமான ஓடுபாதை போட்டார்கள். போர் 1945இல் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. அகலமான, நீளமான பாதை மட்டும் வெயிலில் சும்மா கிடந்தது.

1953இல் சென்னையில் 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' தொடங்கப்பட்டது. வேகமாக வண்டி ஓட்ட ஆசை. ஓட்ட இடம் இல்லை. சோழவரம் ஓடுபாதை கிடைத்ததும் விடுவார்களா? இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே சில்வர்ஸ்டோன் என்ற இடத்தில் இருந்த போர்க்கால விமான தளம்தான் பந்தயப் பாதை ஆனது. 1950இல் உலகின் முதல் ஃபார்முலா ஒன் சாம்பியன் பந்தயம் அங்கேதான் நடந்தது. பாருங்கள், சில்வர்ஸ்டோனும் நம் சோழவரமும் ஒரு வகையில் அக்கா, தங்கை!

நான் முதன்முதலில் அங்கே போனது 1970களின் தொடக்கத்தில். பொன்னேரிப் பக்கம் எங்கள் கிராமம். என் மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். விடியற்காலையில் என்னைப் பின் கேரியரில் உட்கார வைத்து மிதிக்க ஆரம்பித்தவர், சோழவரத்தில்தான் நிறுத்தினார். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் என் மடியில். வழியெல்லாம் ஜனங்கள்! மாட்டு வண்டியில் வந்தவர்களும் உண்டு. வேர்க்கடலை, முறுக்கு, ஐஸ் விற்பவர்கள் ஒரு பக்கம். திருவிழாதான், சாமி மட்டும்தான் இல்லை.

பெரிய மைதானக் கட்டடம் எல்லாம் கிடையாது. பாதை ஓரத்தில் வைக்கோல் கட்டுகள், டிரம்கள், கயிறு. அவ்வளவுதான் வேலி! ஓடியவை என்ன வண்டிகள் தெரியுமா? நாம் ரோட்டில் பார்க்கும் ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, புல்லட், ஜாவா. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் வரவழைப்பது அப்போது குதிரைக் கொம்பு. அதனால் பலர் ரோட்டுக் காரையே பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தட்டிக் கொட்டிப் பந்தயக் கார் ஆக்கினார்கள். 1980களில் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட 'என்சைன்' கார் ஒன்றுகூட சோழவரத்தில் ஓடியது. எனக்கு என்னவோ அந்த ஒட்டுப்போட்ட ஃபியட்கள்தான் பிடிக்கும்.

சத்தம் முதலில் வந்தது. ஆயிரம் தேனீக்கள் மாதிரி தூரத்தில் ஒரு ரீங்காரம். பிறகு ஒரு புள்ளி. 'அதோ!' என்று சொல்வதற்குள் வண்டி எங்களைக் கடந்து போய்விட்டது! நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே ஒரு அடி வைத்துவிட்டேன். என் சட்டைக் காலர் இறுகியது. மாமா பின்னாலிருந்து இழுத்த இழுப்பில் புளிசாதப் பொட்டலம் மண்ணில் விழுந்தது. அதே நொடி ஒரு மோட்டார் சைக்கிள் கயிற்றை ஒட்டிப் போனது. காற்று என் முகத்தில் அறைந்தது. மாமா திட்டவில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

நீங்களே கணக்குப் போடுங்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர்? 150ஐ 3.6ஆல் வகுங்கள். ஏறக்குறைய 42 மீட்டர்! நீங்கள் 'ஐயோ' என்பதற்குள் அரை கபடி மைதானம் அல்ல, மூன்று கபடி மைதான நீளம் போய்விடும். பிறகு நான் எங்கே விலகுவது?

மாமா என்னை வளைவுப் பக்கம், தள்ளி ஒரு மேட்டுக்கு அழைத்துப் போனார். "நேர்ப் பாதையில் எவனும் ஆக்சிலேட்டரை முறுக்குவான்டா. ஓட்டத் தெரிந்தவனை வளைவில்தான் கண்டுபிடிக்கலாம்" என்றார். சோழவரம் பாதை 'டி' எழுத்து வடிவம். நீண்ட நேர்ப்பாதையில் பறந்து வந்து, சட்டென்று திரும்ப வேண்டும். 150இல் வருகிறவர் 50க்குக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இயக்க ஆற்றல்? ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடும்! மீதி எட்டுப் பங்கையும் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். பிரேக் கருகும் வாசனை எங்கள் மேடு வரை வந்தது.

"அந்த டிரம்மைப் பார். யார் எந்த டிரம் வந்ததும் பிரேக் போடுகிறான் என்று எண்ணு" என்றார் மாமா. எண்ணினேன். எல்லாரும் இரண்டாவது டிரம்மில் பிரேக் போட, ஜாவாவில் வந்த ஒருவர் மட்டும் மூன்றாவது வரை வந்தார். இரண்டு சுற்று முந்தினார். மூன்றாவது சுற்றில் வைக்கோல் கட்டில் போய் விழுந்தார்! எழுந்தார். ஹேண்டில்பார் வளைந்திருந்தது. வண்டி கிளம்பவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பாதை ஓரமாகவே தள்ளிக்கொண்டு நடந்தார். ஜெயித்தவர் மாலை போட்டுக்கொண்ட பிறகும் இவர் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று அதிகக் கைதட்டல் அவருக்குத்தான். ஜெயித்தவர் முகம் எனக்கு மறந்துவிட்டது.

கொடிகளையும் அன்றுதான் கற்றேன். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு, பந்தயம் நிறுத்தம். நீலம், பின்னால் வேகமாக வருகிறார், வழிவிடு. கறுப்பு வெள்ளைக் கட்டம், முடிந்தது.

அந்தக் கயிறு வேலி எனக்கு மட்டும் ஆபத்தாக இருக்கவில்லை. கூட்டம் பெருகியது, வண்டிகளின் வேகமும் பெருகியது, விபத்துகளும் நேர்ந்தன. ஓடுபாதை விமானத்துக்காகப் போட்டது, பார்வையாளருக்காக அல்ல. கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே சொந்தப் பாதை அமைத்தது. 1990இல் அது திறக்கப்பட்டது. நீளம் 3.717 கிலோமீட்டர். சோழவரத்தில் சத்தம் அடங்கியது.

ஆனால் அங்கே தொடங்கியது அடங்கவில்லை. சோழவரத்தில் ஓட்டிய கோயம்புத்தூர் கரிவரதன், பிறகு மாருதி எஞ்சின் வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். செலவு குறைந்ததால் இளைஞர்கள் பலர் பந்தயத்துக்கு வந்தார்கள். 2005இல் நம் நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான். 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய சென்னை கருண் சந்தோக்கின் அப்பா விக்கி சந்தோக்கும் சோழவரத்தில் ஓட்டியவரே.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னையில் கூவம் ஆற்றை ஒட்டிய தீவுத்திடல் சாலைகளில் இரவுப் பந்தயம் நடந்தது. வைக்கோல் கட்டுகளுக்குப் பதில் கான்கிரீட் சுவர், அதன் மேல் உயர்ந்த கம்பி வலை. என் பேரனும் நானும் டிவியில் பார்த்தோம். "தாத்தா, எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கே! யார் நன்றாக ஓட்டுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றான்.

"வளைவுக்கு முன்னால் 100, 50 என்று பலகை வைத்திருப்பார்கள். யார் எந்தப் பலகையில் பிரேக் போடுகிறார், எண்ணு" என்றேன். அவன் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.