கொலைக்கதை மொழிபெயர்ப்பில் திணை ஐயம்

மறைபொருளை உரிய இடத்தில் மட்டும் வெளிப்படுத்துவது துப்பறியும் கதையின் அடிப்படையாகும். ஆங்கில இறந்தகால வினை எழுவாயின் திணையையும் பாலையும் காட்டுவதில்லை. தமிழ்ப் படர்க்கை வினைமுற்றோ விகுதியாலேயே காட்டிவிடும்.

ஆர்தர் கானன் டாயில் 1890இல் வெளியிட்ட 'தி சைன் ஆஃப் ஃபோர்' புதினத்தில் கொலையாளி அந்தமான் தீவினனான டோங்கா. கொலை நிகழ்ந்த இடத்தில் காணப்படும் மிகச் சிறிய காலடித் தடத்தைக் குழந்தையினுடையது என வாட்சன் கருதுகிறார். பின்னர்த் தேம்சு ஆற்றில் விரையும் படகில் நாய்போல் கிடந்த கரிய உருவம் நிமிர்ந்து குள்ள மனிதனாகிறது. அவ்விடத்தில் 'எழுந்தது' என்பதா, 'எழுந்தான்' என்பதா?

தொல்காப்பியக் கிளவியாக்கம் இதற்கு வழி வகுத்துள்ளது. தோன்றுவது கட்டையோ ஆளோ எனத் திணையில் ஐயம் எழுந்தால், வடிவைக் குறிக்கும் பொதுச்சொல்லால் சுட்டலாம். ஆகவே 'உருவம் எழுந்தது' என்பது பொருந்தும். ஐயம் நீங்கிய பின்னரும் அஃறிணை முடிபைத் தொடர்வது இலக்கணமன்று, இழிவுபடுத்தலேயாகும். அந்தமானியரை நரமாமிசம் உண்போர் எனப் புதினம் கூறுவது பிற்கால ஆய்வுகளால் ஏற்கப்படவில்லை. அவர்தம் கருவி வில்லே. டோங்கா கையாளும் ஊதுகுழல் அன்று. டாயிலின் பிழையையும் ஏளனத்தையும் மொழிபெயர்ப்பாளர் திருத்த இயலாது. எனினும், மூலத்தில் இல்லாத இழிவை விகுதியால் கூட்டவும் அவருக்கு உரிமையில்லை.

எதிர்கால உலகில் நிகழும் கொலைக்கதைகளில் சிக்கல் தலைகீழாகிறது. ஐசக் அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954) புதினத்தில் துப்பறிவாளர் பேலி, தம்மோடு பணியாற்ற வந்த டேனிலை முதலில் மனிதன் என்றே எண்ணுகிறார், டேனிலோ இயந்திரன். காண்பவருக்கு ஐயமே இல்லாதபோது 'உருவம்' என்பது உண்மையை உடைத்துவிடும். அங்கு 'வந்தான்' என்பதே நேர்மையானது. உண்மை தெரிந்த பின்னரும் ஆங்கிலக் கதைசொல்லி ஆண்பாற் சுட்டையே தொடர்வதால், தமிழிலும் உயர்திணை நிற்றல் தகும். சுஜாதாவின் ஜீனோ இயந்திர நாயாதலின் அங்கு இவ்விடர் இல்லை.

பால் காட்டாத முற்றும் தமிழில் இல்லாமலில்லை. 'செய்யும்' என்னும் முற்று பலர்பால் நீங்கலாகப் படர்க்கையின் நான்கு பால்களுக்கும் பொதுவென இலக்கண நூல்கள் கூறும். ஆனால் 'அவன் வரும்' என இன்றைய உரைநடையில் எழுதினால் வாசகர் பிழையென்பர். 'டேனில் வந்தபோது', 'டேனில் கூறியபடி' எனப் பெயரெச்சங்களால் சில பத்திகள் வரை சமாளிக்கலாம். ஓர் அதிகாரம் முழுவதும் அவ்வாறு எழுதினால் நடையே வாசகரின் ஐயத்தைக் கிளறும்.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் தானாகவே உதவுகிறது. டேனிலின் பெயர்முன் இயந்திரனைக் குறிக்கும் 'ஆர்.' என்பதைத் தமிழ் வாசகர் தந்தைபெயரின் முதலெழுத்து எனக் கொண்டு கடந்து சென்றுவிடுவார்.