மணற் பெட்டியைத் தெரிவது எப்படி?

பாலையூற்றில் வீடு கட்டுவோர் வாசலில், உழவு இயந்திரம் இழுத்துவந்த பெட்டி தானே உயர்ந்து மணலைக் கொட்டும் காட்சி நமக்குப் புதிதன்று. சவளால் அள்ளும் வேலையை எண்ணெயழுத்தம் எளிதாக்கிவிட்டது. ஆயினும் அப்பெட்டியை வாங்குவோர் விலையை மட்டும் நோக்குதல் போதாது.

பின்புறம் கவிழும் பெட்டி அமைப்பில் எளியது; ஓரிடத்திற் குவிக்க ஏற்றது. பக்கவாட்டிற் கவிழ்வது வீதியோரம் நெடுகக் கொட்ட உதவும். ஓரச்சுப் பெட்டி குறுகிய ஒழுங்கையில் இலகுவாகத் திரும்பும். ஈரச்சுப் பெட்டி பெரும்பாரத்தைப் பகிர்ந்து தாங்கும்.

மணலை நாம் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உலர்ந்த மணலாயின் ஏறத்தாழ நாலரைத் தொன். ஆற்றிலிருந்து ஈரத்தோடு வருமாயின் இன்னும் மிகும். எனவே பெட்டி எவ்வளவு கொள்ளும் என்பதன்று, அச்சும் சில்லும் பிறேக்கும் எவ்வளவு தாங்கும் என்பதே கேள்வி.

பெட்டி உயர உயரப் பாரத்தின் மையமும் உயரும். மேடுபள்ளமான நிலத்தில் அது பக்கமாகச் சரியலாம். மேலே மின்கம்பி செல்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். எண்ணெய்க் குழாய் வெடித்தால் உயர்ந்த பெட்டி கணத்தில் விழும். தாங்குகோல் இடாமல் அதன் கீழ்க் குனிவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஆகவே உறுதியான தாங்குகோல் உள்ள பெட்டியையே தெரிவோம். சில ஆயிரம் ரூபாவை மீதப்படுத்தலாம். உழைப்பாளியின் உயிரை மீட்க இயலாது.