சளிச்சவ்வுக்கு அடியில் ஓர் இழை

இரைப்பைச் சுவரைக் குறுக்காகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உட்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் இளஞ்சிவப்பாக ஓர் இழை ஓடுவது தெரியும். சளிச்சவ்வின் அடியில் விரிந்திருக்கும் மெல்லிய தசை அது. நோய்க்கூறு மருத்துவர்கள் ‘புண்’ என்ற சொல்லை இந்த இழையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். சேதம் இழைக்கு மேலேயே நின்றுவிட்டால் அது அரிப்பு மட்டுமே. சில நாட்களில் தழும்பில்லாமல் ஆறிவிடும். இழையைத் தாண்டிவிட்டால் அது அல்சர். இழைக்குக் கீழே இருப்பது தளர்வான இணைப்புத் திசு. பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுவது அங்கேதான்.

மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, அந்த இழையைத் தாண்டும் வழியைத் திறந்துவிடக்கூடியது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுபுரூஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள்.

இரைப்பைக்குள் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இறைச்சியைக் கரைக்கும் அந்த அமிலம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? சுவரின் மேற்பரப்பில் ஒரே வரிசையாக நிற்கும் செல்கள் இடைவிடாமல் கெட்டியான சளியைச் சுரக்கின்றன. சளிக்குள் பைகார்பனேட் உப்பையும் விடுகின்றன. அதனால் குழிக்குள் அமிலம் கொதித்துக்கொண்டிருந்தாலும், செல்லை ஒட்டிய இடத்தில் அமிலத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சளி செய்யும் வேலை இது. அதையும் மீறிச் செல்கள் செத்தால், பக்கத்துச் செல்கள் சில மணி நேரத்துக்குள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடுகின்றன. மேற்பரப்பு முழுவதுமே சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. இவற்றுக்கெல்லாம் தேவையான ரத்தம் அடியிலிருந்து நுண்குழாய்கள் வழியே ஏறி வருகிறது.

சளி, பைகார்பனேட், ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் நடத்துவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். ஆஸ்பிரின் இந்தப் பொருள் உருவாவதையே தடுக்கிறது என்று 1971-இல் லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் எழுப்புவதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வயிற்றில் காவல் நிற்பதும் அதுதான். இந்த வகை மாத்திரையில் பெரும்பாலானவை இரண்டையும் பிரித்தறிவதில்லை. ஆஸ்பிரின் சந்தைக்கு வந்தது 1899-இல். அது வயிற்றுச் சுவரைச் சிவக்க வைப்பதை உள்நோக்கிக் குழாய் வழியே கண்டு 1938-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நாற்பது ஆண்டுகள் உலகமே விழுங்கிய பிறகுதான் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கலக்கமாக இருக்கிறது.

இங்கிருந்துதான் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘மாத்திரை வேண்டாம் டாக்டர், வயிறு கெடும், ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மாத்திரை வயிற்றில் கரையும்போது நேரடியாகவும் கொஞ்சம் சேதம் செய்கிறது, உண்மைதான். பெரிய சேதம் அப்படி வருவதில்லை. மருந்து ரத்தத்தில் கலந்து, அடியிலிருந்து வந்து, காவலை நிறுத்துகிறது. இடுப்பில் போட்ட ஊசியும் வயிற்றுக்கு வந்து சேரும். குடலில் போய்க் கரையும்படி மேலுறை பூசிய மாத்திரையும் அப்படியே. ‘சாப்பிட்ட பிறகு போட்டேன்’ என்பது எரிச்சலைக் குறைக்கலாம், இழையைக் காப்பாற்றாது.

‘கூடவே ஒரு கேஸ் மாத்திரையும் போடுகிறேனே’ என்பார்கள். பான்டபிரசோல், ஒமிபிரசோல் வகை, இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் வரும் வாய்ப்பைக் கணிசமாகக் குறைப்பது உண்மை. அதற்கும் கீழே உள்ள சிறுகுடலில் நிலைமை வேறு. அங்கே சுவர் முழுக்க விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள். அவற்றைப் போர்த்தியிருப்பது ஒற்றை அடுக்குச் செல். அங்கு சேதத்துக்குக் காரணம் அமிலம் அல்ல என்பதால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் பயனில்லை. கல்லீரல் டைக்ளோஃபினாக்கைப் பித்தத்தோடு மறுபடியும் குடலுக்கே அனுப்புகிறது. ஒரே மாத்திரை ஒரே சுவரைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. விழுங்கும் கேமரா புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தப் புண்களை மருத்துவர்கள் சாதாரணமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதில் நான் மிகவும் அஞ்சுவது ஓசையில்லாமல் நடப்பதைத்தான். விழுங்கியது வலி மாத்திரை. புண் உண்டாக்கும் வலியையும் அது மழுங்கடிக்கும். அதிலும் வயதானவர்களுக்குப் பல நேரங்களில் முன்னறிவிப்பு எதுவும் இருப்பதில்லை. முன்சிறுகுடலின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய தமனி ஓடுகிறது. அங்கே புண் ஆழமானால் அந்தத் தமனி அரிபடும். முன்சுவரில் ஆழமானால் சுவர் ஓட்டையாகி, குடலில் உள்ளது வயிற்றறைக்குள் கொட்டும். இரண்டிலும் நோயாளி சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும், ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தேன்’.

அறுபது, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும், முன்பே அல்சர் வந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு. இதயத்துக்காகத் தினமும் சிறிய ஆஸ்பிரின் போடுபவர் முழங்கால் வலிக்கு இன்னொன்றை வாங்கிப் போட்டால் இரண்டும் சேர்ந்து அதே சுவரில் வேலை செய்யும். (அந்த ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது, அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.) ஒரே மருந்து பல பெயர்களில் வருவதால், இரண்டு அட்டைகளில் இருப்பது ஒன்றேதான் என்று தெரியாமலேயே இரட்டிப்பாக விழுங்குபவர்களும் உண்டு. டைக்ளோஃபினாக் நம் நாட்டில் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. கடைக்காரர் நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துத் தாளில் மடித்துத் தரும்போது, மருந்தின் பெயர் அச்சிட்ட ஓரம் அவரிடமே நின்றுவிடுகிறது.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால், அது மேல்குடலில் கசிந்து செரித்த ரத்தமாக இருக்கக்கூடும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். அதில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, காப்பித்தூள் கலந்தது போல வாந்தி, திடீரென்று வயிறு பலகை போல இறுகுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், காலி அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.