மணப்பாறைக்கு ஓசோன் எப்படி வரும்?

எந்த வண்டியின் புகைக்குழாயும் ஓசோனைக் கக்குவதில்லை. பிறகு எப்படி? புகையிலுள்ள நைட்ரஜன் டையாக்சைடை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஓசோன். எரியாத பெட்ரோல் ஆவி கூட இருந்தால் ஓசோன் பெருகும். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் இதைக் கண்டவர் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். அதற்குமுன் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்தவர்! வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு எவ்வளவு சீக்கிரம் வெடிப்பு விடுகிறது என்று பார்த்தே அன்று ஓசோனை அளந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வண்டிகள் நெரியும் சந்திப்பில் ஓசோன் குறைவாகவே இருக்கும். புதுப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடும். திருச்சிப் புகை வடகிழக்குக் காற்றில், தென்மேற்கே உள்ள மணப்பாறைப் பக்கம் நகர்ந்தால், வழியிலேயே நைட்ரிக் ஆக்சைடு தீர்ந்து, ஓசோன் சேர வாய்ப்பு கூடும். எனவே ஓசோன் அளக்கும் கருவியை நகரத்தில் மட்டும் வைத்தால் போதாது. காற்று போய்ச்சேரும் ஊரிலும், பிற்பகல் வெயிலில் அளக்க வேண்டும்.