மூக்கு காக்கும் ஊர்

அயல்நாட்டில் வாழ்பவருக்குச் சிறுவயதுக் குடும்பப் பயணங்கள் திடீரென நினைவுக்கு வருவதில் மூக்குக்குப் பெரும்பங்கு உண்டு. சொல்லும் படமும் கிளறும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்தியவை, வாசனை கிளறுபவையோ அதற்கும் முந்தியவை என்று ஸ்வீடன் உளவியலாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு சென்னையிலிருந்து ரயிலேறி, திருவாலங்காட்டைக் கடந்து திருத்தணியில் இறங்கி, 365 படிகள் ஏறிய பிள்ளையைச் சுற்றி எத்தனை வாசனைகள்! புஷ்பக் காவடியின் பூக்கள், கற்பூரப் புகை, மொட்டைத் தலையில் குளிரக் குளிரப் பூசிய சந்தனம். பின்னாளில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் பூக்கடை ஒன்றே அந்த மலையை எழுப்பிவிடும்.

இது வெறும் ஏக்கம், மனத்தைக் கெடுக்கும் என்பார்கள். 1688இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹானஸ் ஹோஃபர் ஊர் ஏக்கத்தை நோய் என்றே எழுதினார். ஆனால் பழைய நினைவு தனிமையைத் தணிக்கிறது என்பதே அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றின் முடிவு. நினைவு பல ஆண்டுப் பயணங்களை ஒன்றாகக் குழைத்துவிடும் என்பது உண்மைதான். எந்த ஆடி என்பது குழம்பலாம். கைபிடித்து ஏற்றியவர் யார் என்பது அவ்வளவு எளிதில் குழம்பாது. திருத்தணி மலைமேல் வரை இன்று கார் போகிறது. இருந்தாலும், பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒருமுறையாவது படிவழியே ஏறுங்கள்.