பழைய புல்லட்டுக்குப் புது பிரேக்

குயிலாப்பாளையம் கிராமத்தின் செம்மண் சாலையில் இன்றும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. 1956-இல் சென்னை திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி அது. பல பத்தாண்டுகள் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடாகிப் பிடிமானம் குறையும். தண்ணீர் புகுந்தாலும் அப்படியே.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டால் நல்ல மாற்றம் தெரியும். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னால்தானே சாய்கிறது! ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் போதாது. அதற்கேற்ற ஹப், காலிப்பரைத் தாங்கும் ஃபோர்க், ஹேண்டில்பாரில் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும். பழைய ஃபோர்க்கில் தகட்டை வெல்டிங் வைத்து காலிப்பரைத் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவது.

ஆனால் என்னைக் கேட்டால், முதல் செலவு ஃபோர்க்குக்குத்தான். செம்மண் துகள் ஆயில் சீலை அரித்துவிடும். எண்ணெய் கசிந்தால் குழியில் வண்டி குதிக்கும், டயர் தரையை விட்டு எழும்பும். அப்புறம் எந்த பிரேக்கும் பிடிக்காது. புது சீல், புது ஃபோர்க் ஆயில், மேலே ஒரு ரப்பர் உறை: பெரிய செலவில்லை. கடற்காற்றில் துருப்பிடித்த ஸ்போக்குகளையும் பார்த்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்ற அனுமதிப்பதில்லை. வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.