பச்சைக்கிளி வெளியே... லவ் பேர்ட்ஸ் உள்ளே!

கன்னிவாடி மாதிரி மலையடிவார ஊர்க்காரர்களுக்குக் கிளி ஒண்ணும் புதுசு இல்லை. சோளக்காட்டுக்கு மேலே 'கீ... கீ...' என்று கூட்டமாகப் பறக்கும். மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும். அதில் ஒரு குஞ்சை எடுத்து வந்து, திண்ணையில் கூண்டு மாட்டி, கொய்யாவும் மிளகாய்ப்பழமும் கொடுத்து, தாத்தா முதல் குட்டிப் பாப்பா வரை பேசக் கத்துக்கொடுக்கிற வீடுகள் நம்ம பக்கம் உண்டு. பாசத்தில் குறையே இல்லை. ஆனா பாஸ், அது சட்டப்படி குற்றம்!

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நம்ம ஊர்ப் பச்சைக்கிளியும் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாமே தப்பு. சும்மா பயமுறுத்தலைங்க. 2023 பிப்ரவரியில், மறைந்த நடிகர் ரோபோ சங்கரின் சென்னை வீட்டிலிருந்து இரண்டு அலெக்சாண்ட்ரின் கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்றது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? அவர் வீட்டைச் சுற்றிக் காட்டிய ஒரு வீடியோ!

அப்போ உங்க வீட்டில் ஏற்கெனவே கிளி இருந்தால்? அவசரப்பட்டுக் கூண்டைத் திறந்து விட்டுடாதீங்க. தட்டில் சாப்பிட்டே வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது, பருந்திடமிருந்து தப்பிக்கவும் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் சரி.

சரி, கிளி வளர்க்கும் ஆசையை என்ன செய்ய? அதுக்குத்தான் லவ் பேர்ட்ஸ்! கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் குட்டிக் கிளியின் நிஜப் பெயர் பட்ஜெரிகர். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. வளர்க்கச் சட்டத்தில் தடை இல்லை. மூக்குக்கு மேலே நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஒத்தையாக வாங்காதீங்க. தினை, சுத்தமான தண்ணீர், கொஞ்சம் கீரை, கொத்துவதற்குக் கடல் நுரை... மெனு இவ்வளவுதான். ஒரு மண்பானை கட்டிவிட்டால் 4 முதல் 6 முட்டை வரை இடும். ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு!

பேசுமா என்று கேட்கிறீங்களா? அமெரிக்காவில் 'பக்' என்ற பட்ஜெரிகர் 1,728 வார்த்தைகள் தெரிந்து வைத்து கின்னஸில் இடம் பிடித்தது. நம்ம செமஸ்டர் சிலபஸை விட ஜாஸ்தி!

இரண்டு விஷயத்தில் மட்டும் உஷார். ஒன்று, தாண்டிக்குடி மலையிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் நமக்கு ஜூஸ், அதுக்கு விஷம். இரண்டாவது, நான்ஸ்டிக் தவா. அடுப்பில் வெறுமனே காய்ந்து சூடு எகிறினால், அதன் டெஃப்லான் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிஷத்திலேயே பறவையைக் கொன்றுவிடும். மூச்சுக்காற்றிலிருந்து நம்மை விட அதிகமாக ஆக்ஸிஜனை உறிஞ்சும் நுரையீரல் அதுக்கு. விஷத்தையும் அதே வேகத்தில் உறிஞ்சும். அதனால் கூண்டு சமையல்கட்டுப் பக்கமே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிடுங்க. இது 5 முதல் 10 வருஷம் வரை வாழக்கூடியது. நீங்க ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போன பிறகு தண்ணீர் மாற்றப் போவது யார்? 'அம்மா பார்த்துப்பாங்க' என்பது பதில் இல்லை. அம்மாவிடமே கேட்டுட்டு வாங்குங்க.

கூண்டே இல்லாமலும் கிளி வளர்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு சென்னை ராயப்பேட்டையில், கேமரா ரிப்பேர் செய்யும் ஜோசப் சேகர் தன் மொட்டை மாடியில் பலகை போட்டு, ஊறவைத்த அரிசியைப் பரப்பினார். நாளடைவில் ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வந்து இறங்கின. பூட்டு இல்லை, அபராதம் இல்லை. அத்தனை நெரிசலான சென்னைக்கே வந்த கிளி, நம்ம மலையடிவாரத்து மாடிக்கு வராதா என்ன? இன்னிக்கே ஒரு கிண்ணம் தண்ணீரோடு ஆரம்பிங்க!